ஆறு மூட்டை மணல்

கோரிமேட்டில் ஒரு தட்டுவடை செட்.
அடிவாரத்தில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டவர் கேட்டார்:
"மலைக்கா மணல் ஏத்துறீங்க?"
ஆறு மூட்டை. மூட்டைக்கு ஐம்பது கிலோ.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
குட்டியானை பின்னங்காலில் நின்றது.
பதிமூன்றாவதில் காது அடைத்தது.
பதினேழில் காப்பிப்பூ வாசம்.

விடுதி இன்னும் எழுந்திருக்கவில்லை.
குளத்தில் ஆளுயரத்துக்குப் பச்சை,
சில்வர் ஓக் சருகு, ஒற்றைச் செருப்பு,
சொந்த வீடென்றே நம்பிவிட்ட தவளைகள்.
"வெள்ளிக்கிழமை பெங்களூர் குரூப்.
நீலமா இருக்கணும்" என்றார் மேனேஜர் கில்பர்ட்.
நீலம் டைல்ஸினுடையது, தண்ணீருடையது அல்ல.
நான் சொல்லவில்லை. பில் பாஸாக வேண்டும்.

முதலில் மோட்டாரின் கூடை:
முடிக்கற்றை, ரப்பர் பேண்டு, மூன்று ஸ்டிக்கர் பொட்டு,
ஒரு கூலிங்கிளாஸின் இடது காது.
பிறகு ஃபில்டர். கழுத்தில் எட்டு போல்ட்.
ஏழு வந்தன.
எட்டாவதுக்கு மண்ணெண்ணெய், அரைமணி நேரம்,
ஒரு கெட்டவார்த்தை, மாதையனின் தோள்.

மூடியைத் தூக்கினால்
ஆறிப்போன களிபோல் ஏடு கட்டிய மணல்.
ஒரு பிடி எடுத்து விரலில் உருட்டினேன்.
உருண்டது.
அதுதான் கோளாறு.
அழுக்கைப் பிடிக்க மணலுக்கு மூலை வேண்டும்.
ஐந்து சீசன் உரசி உரசி
எல்லோரோடும் ஒத்துப்போகிற மணலாகிவிட்டது இது.
எதையும் விட்டுவிடும்.

கொட்டாங்குச்சியால் அள்ளினோம்.
அடியில் மீன்முள்போல் கிளைக்குழாய்கள்,
மம்பட்டி பட்டால் முறியும்.
ஒன்று ஏற்கெனவே முறிந்திருந்தது.
எம்சீல் அப்பி ஒப்பேற்றிப் போயிருந்தான்
போன வருஷம் வந்தவன்.
"யாருண்ணே அந்த ஆளு?" என்றான் மாதையன்.
நான் ஸ்பானரைத் தேடினேன்.

புதுக் குழாய் போட்டு, பாதித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு,
மணலை அதன்மேல் மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தபோது
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.
இருசாயி. கையில் மண்வெட்டி.

"மருந்து போட்டுட்டீங்களா?"
"இன்னும் இல்ல."
"போன வருசம் ஒங்க தண்ணி எறங்கி
ஏங்கொடி முச்சூடும் வெளுத்துப்போச்சு.
சவ்சவ் ஒரு காய் அறுக்கல."

கழிவுக் குழாய் காட்டில் முடிகிறது என்று
என் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி உண்டு.
எட்டிப் பார்த்தேன்.
அம்புக்குறியின் முனையில் பந்தல் இருந்தது.

கில்பர்ட் சொன்ன வரிசை:
முதலில் குளோரின், ராத்திரி ஊறல், காலையில் கழுவல்.
மோட்டாரை நிறுத்தினேன்.
ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ரப்பர் கிழியும்.
அமுக்கி, திருப்பி, பேக்வாஷில் வைத்து, மறுபடி போட்டேன்.
தண்ணீர் அடியிலிருந்து ஏறி மணலை உலுக்கியது.
கண்ணாடிக் குமிழில்
முதலில் சுண்ணாம்பு,
பிறகு மோர்,
பிறகு நீர்மோர்,
பிறகு குளத்தின் அதே பச்சை.

கீழே இருசாயி
வாய்க்காலில் காலை வைத்துப் பார்த்தாள்.
கையில் ஏந்தி முகர்ந்தாள்.
"ம்" என்றாள்.
இரண்டு வெட்டு. தண்ணீர் பந்தலுக்குத் திரும்பியது.

இன்றைக்குச் சரி.
மே முழுக்க, வாரத்துக்கு இரண்டு தரம்
இதே குழாய் திறக்கும், மருந்தோடு.
அவளுக்கும் தெரியும்; போகாமல் நின்றாள்.

குட்டியானையில் கிடந்தது நாற்பதடி பைப்,
குரங்குச்சாவடியில் ஒரு வீட்டுக்கு வாங்கியது.
ஓர் எல்போ வைத்து, வேலியோரமாகவே ஓட்டி,
எதுவும் முளைக்காத பாறைப் பக்கம் திருப்பினோம்.
முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.
நல்லதுதான். பகலில் போட்டால்
குளோரினில் பாதியை வெயில் தின்றுவிடும்.

பிரஷர் முள் பத்தில் நின்றது.
அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு:
முள் இதைவிட எட்டு ஏறினால் கழுவ வேண்டும்.
செல்போன் வெளிச்சத்தில் பில் எழுதினேன்.
மணல், கிளைக்குழாய், கேஸ்கெட், கூலி.

"நாற்பதடி பைப்பை விட்டுட்டீங்கண்ணே.
அது எந்தக் கணக்கு?"

"எம்சீல் கணக்கு" என்றேன்.

மாதையன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு
காலிச் சாக்குகளை மடிக்கப் போனான்.